நான்காவது சோடா மூடி

குவாம்போகா டீச்சர் ஒபியெரோவின் வீடியோ கேம் கடைக்குத் தர வேண்டியது ஆயிரத்து முந்நூற்று நாற்பது ஷில்லிங். ஆட்டம் ஒன்றுக்கு இருபது. தோற்றவர்தான் காசு தர வேண்டும். நியாலெண்டா பேட்டையில் எந்த கேம் கடைக்குப் போனாலும் அதுதான் சட்டம். டீச்சர் அறுபத்தேழு ஆட்டம் ஆடி, அறுபத்தேழிலும் தோற்றிருந்தார்.

ஒபியெரோ கணக்கைச் சுவரில் கரிக்கோடாகப் போடுவான். பத்துக் கோடு சேர்ந்ததும் அழித்துவிட்டு, டிவி மேலிருக்கும் டப்பாவில் ஒரு சோடா மூடி போடுவான். சந்தையில் மூட்டை தூக்கிய நாளில் பழகியது. டீச்சர் கணக்கில் ஆறு மூடி, ஏழு கோடு.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, கணக்குத் தேர்வில் இருபதைத் தாண்டாத மூன்று பிள்ளைகளோடு அவர் வந்து நின்றார். "என் வகுப்புல இருக்கறதவிட உன் கடையிலதான் இவங்க அதிக நேரம் இருக்காங்க. அதான் வகுப்பையே இங்க கொண்டாந்துட்டேன்" என்றார்.

அன்றிலிருந்து கடை தலைகீழானது. பன்னிரண்டு பெனால்டி அடித்து ஒன்பது கோல் என்றால் நூற்றுக்கு எத்தனை? சொன்னவர் கைக்குத்தான் கன்ட்ரோலர். எட்டு கோடிக்கு வாங்கிய ஆட்டக்காரனைப் பதினைந்து சதவீத நட்டத்தில் விற்றால் கையில் என்ன மிஞ்சும்? சொல்லும் வரை ஆட்டம் நிற்கும். அப்புறம் டீச்சரோடு மோதலாம். டீச்சருடைய கோல்கீப்பர் மீன் வாங்கப் போகிறவன் மாதிரி கோலை விட்டுவிட்டு மைதானத்தின் நடுவே நடந்து வருவான். பிள்ளைகள் பெஞ்சிலிருந்து உருண்டு விழுந்து சிரிப்பார்கள்.

கடன் ஏறியதும் ஒபியெரோ மெல்லக் கேட்டுப் பார்த்தான். டீச்சர் பந்தயம் கட்டினார். தவணைத் தேர்வில் மூவரும் நாற்பது எடுத்தால் கடனை அழித்துவிட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் இரண்டு மடங்காகத் தருவார். அவன் அவசரமாகக் கை கொடுத்தான். மூவரில் ஒருத்தியான அபோண்டி போன தவணையில் எடுத்தது பதினொன்று. செத்துக் கிடந்த இரண்டாவது டிவியைப் பிழைக்க வைக்க மெக்கானிக் இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டிருந்தான். இரண்டு மடங்கு வந்தால் டிவி போக நூற்றெண்பது மிஞ்சும். அதில் பொரித்த திலாப்பியா மீன் தின்னலாம் என்று நாக்கு ஊறியது.

ஆனால் போகப்போக அந்த மீன் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. இருபத்துநாலில் முக்கால் என்று கேட்டு முடிப்பதற்குள் அபோண்டி பதினெட்டு என்பாள். தன் டிவி கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தும் முதலில் கை தட்டுவது அவனாகத்தான் இருக்கும்.

டீச்சர் மேல் சந்தேகம் வரக்கூடாதென்று தலைமையாசிரியர் ஒச்சோலாவே தாள்களைத் திருத்தினார். ஒருவர் நாற்பதுக்குக் கீழே போனாலும் இந்தக் கூத்துக்கு முழுக்கு என்றும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பிற்பகல் டீச்சர் தாள்களோடு கடைக்கு வந்தார். ஒஜ்வாங் ஐம்பத்திரண்டு. பெரில் நாற்பத்தேழு. அபோண்டி முப்பத்தொன்று.

அவள் பெஞ்சின் ஓரத்தில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். டீச்சர் பர்ஸைத் திறந்து இரண்டாயிரத்து அறுநூற்றெண்பதை எண்ணத் தொடங்கினார்.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒபியெரோ தாளை வாங்கிப் பார்த்தான். நாலு பகுதிக்கு நாலு மதிப்பெண்: ஏழு, ஒன்பது, பதின்மூன்று, பன்னிரண்டு. எண்களைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. சுவரில் கரிக்கோடு இழுத்தது. ஏழும் ஒன்பதும் ஒரு மூடி, ஆறு கோடு. பதின்மூன்று சேர, இரண்டு மூடி, ஒன்பது கோடு. பன்னிரண்டு சேர, மூன்று மூடி, பதினொரு கோடு. பத்துக் கோட்டை அழித்துவிட்டு இன்னொரு மூடி வைத்தான்.

நான்கு மூடி, ஒரு கோடு.

மறுபடி எண்ணினான். நான்குதான். மற்றவர்கள் கண்ணெல்லாம் டீச்சரின் பர்ஸில் இருந்தது. அந்த ஒரு மூடியைச் சட்டைப்பைக்குள் தள்ளினால் போதும், இரண்டாவது டிவி பேச ஆரம்பித்துவிடும். மூடி விரலுக்கடியில் சில்லென்றிருந்தது. பெஞ்சில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"டீச்சர், காச உள்ள வைங்க. உங்க ஹெட்மாஸ்டர் ஒரு மூடியத் தொலைச்சிட்டாரு" என்றான்.

டீச்சர் கூட்டினார். பெரில் கூட்டினாள். அபோண்டி விரலை மடக்காமல் ஒரே மூச்சில் கூட்டிவிட்டு எழுந்து நின்றாள். அப்புறம் நால்வரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிய ஓட்டத்தில் வழியில் மண்டாசி போண்டா விற்பவளின் தட்டு கவிழ்ந்தது. தலைமையாசிரியர் மூன்று தடவை கூட்டிப் பார்த்தாராம். பத்தைக் கொண்டு போனதில் பிசகிவிட்டது என்று முணுமுணுத்து, சிவப்பு மையில் நாற்பத்தொன்று என்று எழுதிக் கொடுத்தாராம்.

திரும்பி வந்த அபோண்டிக்கு மூச்சு வாங்கியது. "அண்ணே, ரெண்டாயிரத்து அறுநூத்தெண்பது போச்சே, தெரியுதா?"

"கணக்கு வருதுன்னு ரொம்பத்தான் பீத்தாதடி" என்றான் அவன். டப்பாவிலிருந்த டீச்சரின் ஆறு மூடிகளையும் அவள் உள்ளங்கையில் கொட்டினான். ஈரத்துணியை எடுத்து ஏழு கோட்டையும் அழுத்தித் துடைத்தான்.