காலால் ஆடியவர்களுக்குக் கையால் வந்த பெயர்

1

ஒரு பந்தாட்ட அணியின் பெயருக்கு விலை பதினெட்டு ரூபாய். தோல் பந்துக்கு ஏழு, பனியன் பதினொன்றுக்குப் பதினொன்று. 1937இல் என் பெரியப்பா கண்ணுசாமி கொடுக்க முன்வந்த விலை இது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அவருக்கு வெல்லமண்டி. குகை என்ற பேட்டையின் நெசவுக்காரர்கள் ஆடிய ‘குகை வாலிபர்’ அணி அந்தப் பெயரைக் கழற்றிவிட்டு ‘கண்ணுசாமி வெல்லமண்டி’ என்று மாட்டிக்கொள்ள வேண்டும். கதை அங்கேதான் முளைத்தது. மண்டியில் வளர்ந்தவன் நான். கதையையும் தட்டிப் பார்த்துத்தான் கொடுப்பேன்.

2

(முதலில் எழுதிய தொடக்கம்: “கதிரவன் சேர்வராயன் மலைமீது தன் பொற்கரங்களை…” அடித்துவிட்டேன். ஆட்டமே மாலை நாலரைக்குத்தான்.)

அணித் தலைவன் கந்தவேல் பெயரை விற்க மாட்டேன் என்றான். இருந்த ஒரே பந்தும் கிழிந்துவிட்டதால் எழுந்தும் போகவில்லை. பெரியப்பா பந்தயம் கட்டினார்: ஞாயிற்றுக்கிழமை ரயில் ஜங்ஷன் அணியை இத்தனை கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் பெயர் உங்களுக்கே, பந்தும் பனியனும் இனாம். தவறினால் மண்டிப் பெயர்.

எத்தனை கோல்? அதை மண்டியில் வாயால் சொல்வதில்லை. கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடிப்பார்கள். பிடித்த விரல்தான் வாக்கு; துண்டை எடுத்தபின் மாற்ற முடியாது.

கந்தவேல் நீட்ட நினைத்தது இரண்டு. ஆனால் தெருவில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட கையோடு ஓடி வந்திருந்தான். கஞ்சி காய்ந்து விரல்கள் ஒட்டிக் கிடந்தன. பெரியப்பாவின் பிடிக்குள் ஐந்தும் சேர்ந்தே போயின.

“அஞ்சா! நெஞ்சழுத்தந்தானுங்க மாப்பிள்ளைக்கு!”

“ஐயோ, ரெண்டுங்க!”

“துண்டு எடுத்தாச்சு சாமி.”

3

எனக்கே சந்தேகம்: ஒருவன் கையைக் கூடவா கழுவாமல் வருவான்? கேட்பதற்கென்றே அவன் மனைவி சென்னியம்மாளைக் கதைக்குள் கூப்பிட்டேன்.

“ஏனுங்க, ஊட்டுல தண்ணியா இல்ல?”

“கழுவுற நேரத்துல வேற எவனாச்சும் பந்த வாங்கிட்டா?”

“இப்ப பேரே போகுதே!”

(இரண்டு வரியில் அனுப்பிவிட நினைத்தேன். அவள் ஆட்டம் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.)

4

அதற்குள் விஷயம் ஊரெல்லாம் பரவியிருந்தது. அணி இறங்கியதுமே ஜங்ஷன்காரர்கள் ஆரம்பித்தார்கள்: “கஞ்சிக்கை! டேய் கஞ்சிக்கை!”

கந்தவேல் புயலெனப் புறப்பட்டு… (வேண்டாம். புயல் பந்தைக் கடத்திக் கொடுக்காது, கந்தவேல் கொடுத்தான்.) முதல் கோல் விழுந்தது. சென்னியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “கஞ்சிக்கைதான்டா! எண்ணிக்கோ!” என்றாள். இரண்டாவதுக்குக் குகையே ‘கஞ்சிக்கை’ என்று கத்தியது. மூன்று. நான்கு! ஜங்ஷனுக்கு ஒன்றுமில்லை. எதிரிகள் எறிந்த சொல்லைக் குகைக்காரர்களே பிடுங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தர மறுத்தார்கள்.

கடைசி நிமிடம். கந்தவேல் காலில் பந்து. எதிரே கோல் காப்பவன் ராயப்பன் மட்டும். வெல்ல வண்டிமேல் ஏறி நின்ற பெரியப்பா, தன் பதினெட்டு ரூபாயை மறந்து, தொண்டை கிழியக் கத்தினார்:

“உதைரா கஞ்சிக்கை!”

உதைத்தான்.

5

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் பந்து உள்ளே போய்ப் பெரியப்பா தோற்றார், மற்றொன்றில் வெளியே போய்ச் சென்னியம்மாள் என்னை ஏசினாள். இரண்டையும் கிழித்துவிட்டேன். பந்து இன்னும் இறங்கவில்லை. ராயப்பன் இடப்பக்கம் பாய்ந்துவிட்டான். மிச்சத்தை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.

வாக்குக் கொடுத்தது ஐந்து.
அடித்து வரவானது நான்கு.
உங்கள் பேரில் பற்று, ஒன்று.