காஸிமிர் கத்தியின் குரல்

காஸிமிர் உயிரோடு இருந்தவரை, மாதத்தின் முதல் ஞாயிறு மதியச் சாப்பாடு அவர் வீட்டில்தான். மடக்குக் கத்திப் பித்துப் பிடித்த அவருடைய மூன்று சிநேகிதர்களும் பன்னிரண்டு மணிக்கு வந்து காலணிப் பனியைத் தட்டிவிட்டு உட்காருவார்கள். அவரவர் பையிலிருந்து அவரவர் கத்தி வெளியே வரும். ரொட்டி, சாசேஜ், சீஸ் எல்லாம் அதில்தான் வெட்ட வேண்டும். ஒருவன் சாப்பிடும் கத்தியை இன்னொருவன் தொடுவது, அவன் பல் துலக்கும் பிரஷைக் கேட்பதற்குச் சமம். கடைசியில் வீட்டுக்காரர் கத்தியை மடக்குவார். அந்த 'டக்' கேட்டால் சாப்பாடு முடிந்தது. வாய்வரை போன துண்டையும் கீழே வைத்துவிட வேண்டும்.

காஸிமிர் கத்தியின் 'டக்' அவர்கள் வாழ்ந்த மேட்டுநிலம் முழுக்கப் பேர்பெற்றது. பித்துப் பிடித்தவர்கள் கத்தியைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. காதருகே வைத்து மடக்கிப் பார்ப்பார்கள். முதுகில் இருக்கும் எஃகு வில் அலகைச் சுண்டி இழுத்து மூடும்போது சத்தம் சுத்தமாக வந்தால், "பேசுது" என்பார்கள். காஸிமிரின் மஞ்சள் கொம்புப் பிடி போட்ட பழைய கத்தி பேசியதுபோல வேறெதுவும் பேசியதில்லை. தீட்டித் தீட்டி அலகு நாணல் இலைபோல் மெலிந்துவிட்டிருந்தது. குரல் மட்டும் மங்கவில்லை. முப்பது வருடத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அது சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. இடுக்கில் ரொட்டித்தூள் மாட்டிக்கொண்டதாகக் காஸிமிர் அன்று சொன்னார்.

உண்மை அவருக்கும் அவர் மனைவி ஸெலிக்கும் மட்டும் தெரியும். அந்தக் கத்தி ஊமை.

"கத்தி வெட்டறதுக்குடா. நெம்பறதுக்குக் கடப்பாரை இருக்கு" என்று வாராவாரம் ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தவர், முப்பது வருடத்துக்கு முன் ஒரு நாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதே கத்தியால் பெயின்ட் டப்பாவை நெம்பித் திறந்தார். வில் செத்துப்போனது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அன்று மாலையே ஊர் சிரிக்கும். எட்டு நாள் மாட்டுக்கொட்டகையில் நின்று, கட்டைவிரல் அலகைத் தள்ளும் அதே நொடியில் நாக்கை மேலண்ணத்திலிருந்து சொடுக்கப் பழகினார். மாடுகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. ஒன்பதாம் நாள் ஞாயிறு. சிநேகிதர்கள் அசந்துபோனார்கள்.

மற்ற நாட்களில், இருவர் மட்டும் சாப்பிடும்போது, அவர் நாக்கைச் சொடுக்குவதில்லை. சத்தமில்லாமல் மடக்கிவிட்டு ஸெலியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவார். ஸெலிக்கு அந்தக் கத்தி வேண்டியிருந்ததற்கு இதுதான் காரணம். இதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

சொல்லாமல் வைத்துக்கொள்ளவும் விதி ஒன்று குறுக்கே நின்றது. யாரும் சாகப்போவதில்லை என்ற நம்பிக்கையில் இருந்த வயதில் காஸிமிரே தன் கையால் எழுதியது. ஒருவர் இறந்தால், அடுத்து நடக்கும் விருந்தின் முடிவில், வயது வரிசைப்படி மற்றவர்கள் அவருடைய கத்திகளில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். அவர் சாப்பிட்ட கத்தியை அவருடைய இடத்தில் விரித்து வைத்து, வீட்டிலிருப்பவர் அதை மடக்க வேண்டும்.

மூத்தவர் மாட்டு வியாபாரி ஒகுஸ்த். அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவார்கள். "நீ செத்தா இந்தக் கத்தி எனக்குடா காஸிமிர்" என்று முப்பது வருடமாகச் சொல்லிவந்தவர். கேட்கும்போதெல்லாம் காஸிமிர் முகம் வெளுக்கும்.

நவம்பரில் காஸிமிர் போனார். சாலைப் பனி விலகிய மார்ச் மாத முதல் ஞாயிறு மூவரும் வந்தார்கள். ஸெலி கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தி முன்னால் விரிந்து கிடந்தது. அதை மடக்கினால் சத்தம் வராது. காஸிமிர் ஊர்ச் சிரிப்பாகிவிடுவார். சத்தம் வரவைத்தால் ஒகுஸ்த் எடுத்துக்கொண்டு போய்விடுவார். போகிற வழியிலேயே மடக்கிப் பார்ப்பார். அப்போதும் சிரிப்புதான்.

அதனால் அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

உருளைக்கிழங்கையும் சீஸையும் கிண்டி நூலாக இழுத்த அலிகோ தீர்ந்தது. சாசேஜ் தீர்ந்தது. சீஸ் துண்டை இலைபோல் சீவி, அதையும் இரண்டாக வெட்டி, ரொட்டியில் வைத்து மென்றாள்.

"ஏழாவது துண்டு" என்றார் பேக்கரிக்காரர் தெரோன்.

"எண்ணாதய்யா. துக்க வீட்டுல பசிக்கும்" என்றார் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஃபுல்க்ரான்.

"பசிக்கட்டும். காஸிமிர் இருந்தப்ப குருவி மாதிரி கொத்திக்கிட்டு இருந்தா. இப்ப பாரு."

"அப்பல்லாம் உன் ரொட்டி கல்லு மாதிரி இருந்துச்சு தெரோன்" என்றாள் ஸெலி. "இப்பதான் மெல்ல முடியுது."

ஃபுல்க்ரான் வெடித்துச் சிரித்தார். ஒகுஸ்த் சிரிக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி ஆகப்போகுது ஸெலி. என் மாடுங்களுக்கு விதியெல்லாம் தெரியாது. கத்த ஆரம்பிச்சிடும்."

"நீங்க போயிட்டு வாங்களேன் பெரியவரே."

"கத்தி மடங்காம எந்திரிக்கக் கூடாதே."

"அப்ப உக்காருங்க."

கடைசித் துண்டு ரொட்டியும் தீர்ந்தது. பொறுக்கத் தூள்கூட இல்லை. ஸெலி அலகைத் துடைத்தாள். மூன்று வாரமாக உருளைக்கிழங்கு உரிக்கும்போதெல்லாம் பழகியிருந்தாள். கட்டைவிரலை அலகின் முதுகில் வைத்தாள். நாக்கை மேலே ஒட்டினாள்.

'டக்.'

சத்தம் முந்திக்கொண்டுவிட்டது. கத்தி இன்னும் முக்கால்வாசி திறந்தபடி அவள் கையில் இருந்தது. அது பிறகுதான், எண்ணெய் போட்ட கதவுபோல, மெதுவாகப் போய் மூடியது.

தெரோன் கத்தியைப் பார்த்தார். பிறகு ஸெலியின் வாயைப் பார்த்தார். ஃபுல்க்ரான் புருவத்தைத் தூக்கி ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"கேட்டுச்சு" என்றார் ஒகுஸ்த், அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே. "சாப்பாடு முடிஞ்சது." தன் கத்தியை ஓங்கி மடக்கினார். வேறு வழியில்லாமல் மற்ற இருவரும் மடக்கினார்கள்.

ஒகுஸ்த் எழுந்து, காஸிமிர் சேர்த்துவைத்த கத்திகள் இருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு கத்தியாகக் காதருகே வைத்து மடக்கிப் பார்த்தார். பாட்டில் தக்கை இழுக்கும் திருகு வைத்த, கருங்கொம்புப் பிடிக் கத்தி ஒன்றில் நின்றார். இன்னொரு முறை மடக்கினார். "இது."

தெரோனால் நம்ப முடியவில்லை. "அப்ப நான் காஸிமிர் சாப்பிட்டதை எடுத்துக்கறேன்" என்று மேஜைப் பக்கம் கையை நீட்டினார்.

"கையை எடு. விதி அலமாரில இருக்கறதுக்குத்தான்."

"எல்லாக் கத்தியும்னு எழுதியிருக்கே பெரியவரே!"

"எழுதினப்ப பக்கத்துல இருந்தது நானா நீயா? நீ அப்ப மாவுல தண்ணி ஊத்தத் தெரியாம அழுதுக்கிட்டு இருந்த. அலமாரியப் பாருடா."

தெரோன் முணுமுணுத்தபடி அலமாரிக்குப் போனார். விதி எழுதிய காகிதம் ஸெலியின் ஏப்ரன் பையில்தான் இருந்தது. அலமாரி என்ற சொல் அதில் எங்குமே இல்லை. அவள் பையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

மற்ற இருவரும் ஆளுக்கொரு கத்தியோடு வண்டியில் ஏறியபின், ஒகுஸ்த் வாசலில் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு ஞாயித்துக்கிழம அது பேசாம இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"ரொட்டித்தூள் மாட்டிக்கிச்சு" என்றாள் ஸெலி.

"சூப்பு கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு. நான் அவனுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன். நாக்கு வெந்து கண்ணுல தண்ணி வந்துச்சு அவனுக்கு."

ஸெலி கதவைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சுமா முப்பது வருஷமா கத்தி எனக்குன்னு கேட்டீங்க?"

"கேட்டப்பல்லாம் அவன் மூஞ்சியைப் பாத்திருக்கியா? மாட்டுச் சந்தைலகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் கிடைச்சதில்ல." தொப்பியை மாட்டிக்கொண்டார். நாலடி நடந்து திரும்பினார். "நீ அவசரப்படற. விரல் பாதி வழி போனப்புறம் சொடுக்கு. ஏப்ரல்ல நாங்க வர்றப்ப சரியா வரணும்."

அன்று மாலை ஸெலி மாட்டுக்கொட்டகைக்குப் போனபோது கத்தியையும் கையோடு எடுத்துப்போனாள்.