நான்கு விரற்கடை

1971ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று மாலை நாலேகால் மணிக்கு, ஆர்டன்வில்லின் ஊதுகுழல் பேஸ்பால் அணி கோப்ஸ்பர்க்கின் சம்மட்டி அணியிடம் ஆறுக்கு ஐந்து என்று தோற்றபோது, செஸ்ட்நட் தெருவில் இருந்த வில்மா ஹுடாக்கின் மரவீடு நான்கு விரற்கடை மண்ணுக்குள் இறங்கியது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. அடுப்பின் மேல் இருந்த காபிக் கெண்டி ஆடவில்லை. மைதானத்திலிருந்து திரும்பிய வில்மா, வாசலின் மூன்று படிகளில் அடிப்படி பாதி மண்ணுக்குள் போயிருப்பதைக் கண்டு சற்று நின்றாள். அன்று அவள் மனம் வேறொன்றில் இருந்தது. கடைசி இன்னிங்ஸில் பந்தைத் தடுக்க நின்றவனின் இரண்டு கால்களுக்கு நடுவே உருண்டு போன பந்தைத்தான் அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. கண்ணாடித் தொழிற்சாலையில் புட்டிகளைப் பொதிந்து அடுக்கும் பிரிவில் வேலை. அவள் அப்பா நாற்பது வருஷம் அதே தொழிற்சாலையில் கண்ணாடி ஊதியவர். ஆறு வயதிலிருந்து அவரோடு மைதானத்தின் இடப்பக்கப் பலகையில் உட்கார்ந்து ஊதுகுழல் அணிக்காகக் கத்திப் பழகியவள் அவள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கண்ணாடி, அந்தப் பக்கம் இரும்பு. நடுவில் ஒரு பாலம். வருஷத்துக்கு ஒருமுறை, செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை, இரண்டு ஊரும் பேஸ்பால் ஆடும். மற்ற நாட்களில் ஒருவர் ஊரில் மற்றவர் பெண்ணெடுப்பதும் உண்டு. அப்படித்தான் அவள் கோப்ஸ்பர்க்கில் கிரேன் ஓட்டும் மெர்ல் டேக்கெட்டைக் கட்டிக்கொண்டாள். அவன் ஒரு பெட்டியும் சம்மட்டி அணியின் சிவப்புத் தொப்பியுமாகப் பாலத்தைக் கடந்து வந்து இவள் வீட்டில் குடியேறியவன். ஆட்ட நாளில் மட்டும் எதிர்ப்பக்கப் பலகையில் போய் உட்காருவான். அன்று பாடிக்கொண்டே வந்தவன், இருக்கும் என்று நினைத்த உயரத்தில் படி இல்லாமல் தடுக்கி விழப் பார்த்தான்.

“உங்க ஆளுங்க ஆடின ஆட்டத்துல பூமியே வெக்கப்பட்டு உள்ள போயிடுச்சு போல,” என்றான்.

“நல்லாச் சிரி. நீயும் இந்த வீட்டுலதான படுக்கணும்,” என்றாள் வில்மா.

அடுத்த வருஷமும் தோல்வி, அடுத்த வருஷமும் நான்கு விரற்கடை. அதற்கடுத்த வருஷமும் அப்படியே ஆனபின் நகராட்சி ஒரு பொறியாளரை அனுப்பியது. அவர் தோட்டத்தில் நான்கு இடங்களில் துளை போட்டு மண்ணை எடுத்துப் பார்த்தார். இறுகிய களிமண், அதன் கீழே பாறை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அறிக்கையில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் இரண்டு முறை எழுதி அடித்துவிட்டு, மூன்றாவதாக ‘பேஸ்பால்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேறு ஊர்களிடம் ஊதுகுழல் தோற்றபோதெல்லாம் வீடு அசையாமல்தான் இருந்தது. அந்தத் தோல்விகளுக்கு ஊரில் யாரும் சாப்பாட்டைத் தள்ளிவைத்ததும் இல்லை. கோப்ஸ்பர்க்கிடம் தோற்றால் மட்டும் இறங்கியது. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் வளைந்தனவே தவிர உடையவில்லை.

1976இல் கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது ஊதுகுழல்காரர்கள் ஐந்து ஓட்டம் முன்னால் இருந்தார்கள். வில்மா அன்றுதான் முதல்முறையாக, ஜெயித்தாயிற்று என்று வீட்டுக்குக் கிளம்ப எழுந்து நின்று கோட்டுப் பித்தானைப் போட்டாள். பந்தெறிபவன் கஸ் பெத்ராக்கிஸுக்கு அந்த நிமிஷத்திலிருந்து பந்து எங்கே போகிறது என்றே தெரியாமல் போயிற்று. தப்பான பந்துகளாக எறிந்து நான்கு பேரை வரிசையாக முதல் தளத்துக்குச் சும்மா நடக்கவிட்டான், ஐந்தாமவனின் தோளில் பந்தால் அடித்தான், ஆட்டம் கைநழுவிப் போயிற்று. அதற்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் கடைசி ஆள் ஆட்டமிழக்கும்வரை வில்மா பித்தானைத் தொட்டதில்லை. 1979இல் ஊதுகுழலின் லெனர்ட் கூபியாக் உயரப் பந்து ஒன்றைப் பிடிக்கக் கையுறையை விரித்து நின்றான். வெயில் கண்ணில் அடிக்க, பந்து அவனுக்கு மூன்றடி பின்னால் விழுந்தது. மறுநாள் காலை அவன் வில்மாவின் வாசலுக்கு வந்தான். அதற்குள் வாசல் தெருவைவிடத் தாழ்ந்து, படி கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது. அவன் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு அழுதான்.

“என்னாலதான் உங்க வீடு...”

“வீட்டை விடு. சாப்பிட்டியா?” என்று கேட்டு, இறைச்சியும் சோறும் வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸை ஒரு தட்டு நிறைய எடுத்து வைத்தாள். “சாப்பிட்டுட்டுப் போய் மத்தியானத்து வெயில்ல நின்னு பந்து பிடிச்சுப் பழகு. அழுதுக்கிட்டு இங்க வராத.”

1983இல் ஃபாதர் ஸ்டெஃபன் ஒரு யோசனை சொன்னார். ஆட்டத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டால் என்ன? மெர்லும் கெஞ்சினான். அந்த ஒரு வருஷம் வில்மா ஈரி நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய், ரேடியோவைக்கூடத் திறக்காமல் ஏரிக்கரையில் உட்கார்ந்து மீன் வறுவல் தின்றாள். திரும்பி வந்தபோது வீடு எட்டு விரற்கடை இறங்கியிருந்தது. “போகாததுக்குத் தண்டனை,” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். பிறகு அவள் ஒரு ஆட்டத்தையும் தவறவிடவில்லை. பித்தப்பையை எடுத்த வருஷம், மருத்துவமனை உடுப்பின் மேல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து அதே பலகையில் உட்கார்ந்தாள். கத்தினால் தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கத்தினாள். இரண்டு தையல் பிரிந்தது.

தொழிற்சாலை மூடப்பட்டது. புட்டி ஊதியவர்கள் பஸ் ஓட்டவும் பள்ளிக்கூடம் பெருக்கவும் போனார்கள், ஆனாலும் மாலையில் மைதானத்துக்கு வந்தார்கள். ஊரில் பாதிப் பேர் வில்மாவிடம் வேறு வீடு பார்க்கச் சொன்னார்கள். மீதிப் பேர் வேறு அணி பார்க்கச் சொன்னார்கள். இரண்டையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோப்ஸ்பர்க்கில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்லின் தம்பி டாயில், ஒவ்வொரு தொழிலாளர் தினத்தன்றும் மாலையில் காரில் வந்து இறங்கி, வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்ப்பான்.

“அண்ணி, இன்னும் கொஞ்ச வருஷத்துல உங்க வீட்டுக்கு விருந்துக்கு வரணும்னா புகைபோக்கி வழியாத்தான் இறங்கணும்.”

“வா டாயில், வா. நீ வர்றன்னு தெரிஞ்சா அடுப்பைப் பத்த வச்சே வைக்கிறேன்.”

1990இல் சமையலறை ஜன்னலின் கீழ்ப்பகுதியில் மண் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுச் செடியின் வேர் கண்ணாடியில் வந்து முட்டி, திரும்பி வேறு பக்கம் போயிற்று. ஆட்ட நாள் காலை காபி குடிக்க வந்து உட்கார்ந்த மெர்லின் தலையில் ஊதுகுழலின் பச்சைத் தொப்பி இருந்தது.

“என்ன அது?” என்றாள் வில்மா.

“தொப்பி. இனிமே நானும் உங்க பக்கம். ஒரு குரல் கூடினா ஜெயிச்சாலும் ஜெயிப்பீங்க. வீடாவது மிஞ்சும்.”

“கழட்டு.”

“வில்மா, ஜன்னல்ல மண்புழு போகுது, பாரு.”

“போகட்டும். அதுக்கு வேலை இருக்கு, போகுது. நான் கட்டிக்கிட்டது கோப்ஸ்பர்க்காரனை. வீடு போயிடுமேன்னு பயந்து கட்சி மாறுற ஆளோட என்னால குடும்பம் நடத்த முடியாது. போய் உன் சிவப்பை மாட்டிக்கிட்டு அந்தப் பக்கம் உட்காரு. தொண்டை கிழியக் கத்து. நீ கத்துறது எனக்கு இங்க கேக்கணும்.”

அவன் போனான், கத்தினான், அவளுக்குக் கேட்டது. சம்மட்டி ஒன்பதுக்கு இரண்டு என்று வென்றது. அன்று மாலை இருவரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு புதுப் படி வெட்டினார்கள். அவன் அடிக்கடி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கல்யாணமான வருஷத்தில்கூட அவளை அவன் அப்படிப் பார்த்ததில்லை.

இப்படி இருபத்தேழு ஆட்டங்கள். எல்லாம் சேர்ந்து நூற்றுப்பன்னிரண்டு விரற்கடை. 1998இல் வில்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. தெருவிலிருந்து வாசலுக்கு ஒன்பது படி கீழே இறங்க வேண்டும். அந்த வருஷத்து ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸில் ஊதுகுழல் நாலுக்கு மூன்று என்று முன்னால் இருந்தது. சம்மட்டியில் இரண்டு பேர் ஆட்டமிழந்தாகிவிட்டது, ஆனால் மூன்று தளங்களிலும் அவர்கள் ஆட்கள் நின்றார்கள். மட்டையோடு வந்தவன் கதவளவு அகலமான ஒரு கொல்லன். இடப்பக்கப் பலகைகளில் பலர் கண்ணை மூடிக்கொண்டார்கள், சிலர் கார் சாவியைத் தேடினார்கள். வில்மா மூடவில்லை. கொல்லன் அடித்த பந்து தரையோடு சீறி, மூன்றாம் தளத்தில் நின்ற பள்ளிக்கூடக் காவலாளி எமெட் சிப்போஷின் நெஞ்சில் அடித்துக் கீழே விழுந்தது. அவன் மூச்சு முட்ட மண்டியிட்டு, பந்தைப் பொறுக்கி, இரண்டு முழங்காலாலும் தவழ்ந்து போய்த் தளத்தின் மேல் பந்தோடு கையை வைத்தான். மூன்றாவது ஆளும் ஆட்டமிழந்தான் என்று அம்பயர் முஷ்டியை உயர்த்தினார்.

மைதானம் சத்தமில்லாமல் கிடந்தது. கோப்ஸ்பர்க்காரர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆர்டன்வில்காரர்களுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று மறந்துபோயிருந்தது. எல்லோரும் வில்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கோட்டின் பித்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள்.

“என்னையே என்ன பாக்குறீங்க? ஜெயிச்சிருக்கோம். கத்துங்கய்யா!”

கத்தினார்கள். பாலத்தில் போன சரக்கு ரயிலின் ஊதல் அன்று ஒருவருக்கும் கேட்கவில்லை. பிறகு கூட்டம் முழுவதும் வீடு மேலே எழுவதைப் பார்க்கச் செஸ்ட்நட் தெருவுக்குப் போயிற்று. தீயணைப்பு வண்டி வந்து கயிறு கட்டி ஆட்களை விலக்கி நிறுத்தியது. தொலைக்காட்சிக்காரர்கள் எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் கேமராவை வைத்தார்கள். நூற்றுப்பன்னிரண்டும் ஒரேயடியாக எழுமா, வருஷத்துக்கு நான்காக எழுமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். ஐந்து மணி ஆயிற்று, ஆறு ஆயிற்று. வீடு அரை விரல்கூட எழவில்லை.

“இத்தனை வருஷத்துக்கு ஒரு விரலாவது கொடுத்திருக்கலாம்,” என்றார் மருந்துக்கடை ஓரின். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

“வீடு எந்திரிக்கணும்னா நான் கத்தினேன்?” என்றாள் வில்மா. “ஜெயிக்கணும்னு கத்தினேன், ஜெயிச்சாச்சு. கயிறைச் சுருட்டிக்கிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்க் குடிங்க, ஆடுங்க. நாளைக்கு லீவு போடுங்க.”

ஒன்பது படி இறங்கி உள்ளே போனாள். மெர்ல் சமையலறை மேசையில் சிவப்புத் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோற்று வீடு திரும்புவது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தட்டை அவன் முன் வைத்தாள்.

“எறங்க மாட்டேங்குது, வில்மா.”

“எறங்கும். சின்னச் சின்னதா மெல்லு. தண்ணி குடிச்சுக்கோ.” எதிரே உட்கார்ந்து, அவன் முடிக்கும்வரை எழாமல் இருந்தாள். ஒரு கேலி சொல்லவில்லை. இருபத்தேழு வருஷமாகச் சேர்த்துவைத்த கேலிகள் அவளிடம் இருந்தன. அவற்றை மறுநாளைக்கு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை டாயில் போன் செய்தான். அவன் வீட்டு வலைக்கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அதைத் தள்ளினால் அசையவில்லை. எட்டிப் பார்த்தால் வாசல் மண் கதவின் அடியிலிருந்து நான்கு விரற்கடை ஏறி நிற்கிறது. ஜன்னல் வழியாக வெளியே வரலாம் என்றால் அவன் உடம்பு அந்த ஜன்னலைவிடப் பெரிது. வில்மா மண்வெட்டியும் ரம்பமும் எடுத்துக்கொண்டாள். மெர்ல் காரை ஓட்டினான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கோப்ஸ்பர்க்கில் அந்தத் தெருவே வெளியே நின்றது. டாயிலின் முகம் மட்டும் ஜன்னலில் தெரிந்தது, ஒரு பக்கம் சவரம் செய்து, ஒரு பக்கம் செய்யாமல்.

“சிரிச்சுக்கோங்க அண்ணி.”

“வேலை முடியட்டும், அப்புறம் உக்காந்து நிதானமாச் சிரிக்கிறேன்,” என்று வில்மா மண்ணை வெட்டத் தொடங்கினாள். “முதல்ல இந்தக் கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரி மாத்தணும். அப்புறம், ரெண்டு தோல்விக்கு ஒரு படி. கல்லு வாங்கி வச்சுக்கோ. மழைத்தண்ணிக்கு இந்தப் பக்கம் ஒரு வாய்க்கால்.”

“நான் ஆட்டம் பாக்குறதையே விட்டுட்டா?”

“எட்டு விரற்கடை.”

டாயில் தெருவில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி ஜன்னலோடு முகத்தை வைத்துக் கேட்டான். “கட்சி மாறிட்டா?”

வில்மா மண்வெட்டியை நிறுத்தினாள். “மாறிப் பாரு. வெட்டின மண்ணையெல்லாம் நானே திரும்ப அள்ளிப் போட்டு, ஜன்னலோட சேத்து மூடிட்டுப் போயிடுவேன்.”

ஜன்னலுக்குள்ளிருந்து டாயில் உரக்க, தெரு முழுதுக்கும் கேட்க, “வர்ற வருஷம் பாருங்க அண்ணி! உங்க ஆளுங்களை நார் நாராக் கிழிக்கிறோம்!” என்றான். தெரு கை தட்டியது. மெர்ல் காரிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்து ரம்பத்தைக் கையில் எடுத்தான்.

“அப்படிப் பேசு,” என்று சொல்லிவிட்டு வில்மா மறுபடி குனிந்தாள்.

அடுத்த வருஷம் சம்மட்டி ஏழுக்கு ஒன்று என்று வென்றது. செஸ்ட்நட் தெரு வீடு நான்கு விரற்கடை இறங்கியது. அதற்கடுத்த வருஷம் ஊதுகுழல் வென்றது, டாயிலின் வீடு இறங்கியது. 2003இல் மழையால் ஆட்டம் சமனில் நிறுத்தப்பட்டபோது இரண்டு வீடுகளும் இரண்டிரண்டு விரற்கடை இறங்கின. அது நியாயம்தான் என்று இரண்டு ஊரிலும் ஒத்துக்கொண்டார்கள். கோப்ஸ்பர்க்கில் இப்போது புது வீடு கட்டுகிறவர்கள் எல்லாக் கதவுகளையும் உள்பக்கம் திறக்கும்படி வைக்கச் சொல்கிறார்கள். தச்சர்கள் ஏன் என்று கேட்பதில்லை.