மஞ்சள் கோட்டுக்குள் இருந்தவள்

வெல்டாவின் அலமாரியில் ஒரு மஞ்சள் கோட்டு இன்னும் தொங்குகிறது. இப்போது அதில் அவளுக்கு ஒரு கைக்கு மேல் நுழையாது. அன்றைக்கும் நுழையாதுதான். ஆனாலும் நுழைந்தாள்.

பிரிட்ஜ்டவுனில் அந்தக் கணினிக் கூடம் ஓகோவென்று நடந்த காலம். அமெரிக்காக்காரர்கள் பறந்து முடித்த விமான டிக்கெட்டுகள் மூட்டை மூட்டையாக பார்படோஸில் வந்து இறங்கும். அதிலிருப்பதை இந்தப் பெண்கள் கணினியில் தட்டி ஏற்றுவார்கள். விமானப் படியை மிதித்திராத அந்த விரல்கள் மதியச் சாப்பாட்டுக்குள் உலகத்தை நாலு சுற்று சுற்றிவிடும். வேகத்தைக் கணினியே எண்ணும். நாற்காலி காலியாக இருந்தால் வேலை போச்சு.

கரும்பு வெட்டியவர்களின் மகள்கள் அவர்கள். தாங்களே தைத்த கோட்டும் பாவாடையும் குதிகால் செருப்புமாக இறங்கினால் பேருந்துகள் தாமாக நின்றுவிடும். மேலே கண்ணாடி அறையிலிருந்த மேனேஜருக்கு ஒருத்தி முகமும் தெரியாது, துணிதான் அடையாளம். அவர்களில் ஒருத்தியான மார்வாவின் மஞ்சள் கோட்டைப் பார்த்தாலோ, துறைமுகக் கப்பல்களே கலங்கரை விளக்கமென்று நம்பித் திரும்பும்.

ஒரு காலை, பேருந்து நிறுத்தத்தில் அந்தக் கோட்டோடு மார்வா அழுதுகொண்டு நின்றாள். மகளுக்கு அம்மை போட்டிருந்தது. பார்த்துக்கொள்ள மார்வாவின் அம்மா ஊரில் இல்லை. அம்மா அமெரிக்காவில், புரூக்ளினில், சம்பளத்துக்கு வேறு யாரோ பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைய விடவா, வேலைய விடவா, வெல்டா?"

"ரெண்டையும் விடாத. கோட்டைக் கழட்டு."

"நடுத்தெருவுலயா?"

"மேலே இருக்கறவனுக்கு நீயா வேணும்? கோட்டுதானடி வேணும். எனக்கு அங்க மாலை ஷிப்ட். காலையில நான் நீ, மாலையில நான் நான்."

மார்வா ஒல்லிக் கரும்பு. வெல்டா அகன்று பருத்த ஈரப்பலா மரம். தையலைப் பிரித்து, ஊக்குகளைக் குத்தி, மூச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவள்போல வாரம் முழுக்க மார்வாவின் நாற்காலியில் உட்கார்ந்து தட்டினாள்.

வெள்ளிக்கிழமை முதுகுத் தையல் வெடித்தது. பீரங்கிச் சத்தம். கூடமே திரும்பியது. மேனேஜர் எழுந்து நின்றார். சூப்பர்வைசர் மிஸ் கிரீனிட்ஜ் குதிகால் டக்டக்கென வந்து சேர்ந்தாள்.

"மார்வா, ஒரே வாரத்துல இப்படிப் பெருத்துட்டியே."

"ஈரப்பலா சாப்பிட்டேன் மிஸ்."

"மரத்தோடயா?"

மிஸ் திரையில் ஓடிய வேகக் கணக்கைப் பார்த்தாள். பிறகு தன் சாம்பல் கோட்டைக் கழற்றி அந்த அகன்ற முதுகின்மேல் போர்த்தினாள். மேலே பார்த்து, "ஏசி குளிருதாம் சார்" என்றாள். குனிந்து, "பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

"காய்ச்சல் இறங்கிருச்சு மிஸ்."

"திங்கக்கிழமை அவளையே வரச் சொல்லு. நீ கொஞ்சம் மெதுவாத் தட்டு. அப்புறம் இந்த வேகத்தையே அவகிட்ட தினமும் கேப்பாங்க."

மார்வாவின் வேலை நிலைத்தது, கடைசி டிக்கெட் மூட்டை வரும்வரை. பிறகு மூட்டைகள் இன்னும் மலிவான விரல்களைத் தேடி வேறு தீவுக்குப் பறந்தன.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பறக்கும்மீன் பொரியலோடு மார்வா வருவாள்.

"கிழிச்சவளே, என் கோட்டைக் குடு."

"போட்டுக் காட்டு, தர்றேன்."

மார்வாவும் இப்போது ஈரப்பலா மரம்தான். அவளுக்கும் ஒரு கைதான் நுழையும். மற்றக் கையில் வெல்டா நுழைவாள். ஒரே கோட்டுக்குள் இருவரும் கண்ணாடி முன் நிற்க, மீன் ஆறிப்போகும்.