இதற்கு முன் மயக்கம்: இல்லை

டாக்டர் வத்சலாவுக்குப் பருமனானவர்களை மயக்குவதென்றால் உள்ளூரப் பயம். வெளியே சொல்ல மாட்டாள். கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு நர்ஸிங் ஹோமில் பதினோரு வருஷமாக மயக்க மருந்து கொடுக்கிறவள் போய்ப் பயமாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பாளா? ஆனால் ஆபரேஷனுக்கு முதல் நாளே வந்து, ஆளைப் பார்த்து, கழுத்தைப் பார்த்து, ஊசி போட நரம்பு அகப்படுமா என்று கையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

நாகலட்சுமி நூற்றுப் பதினெட்டு கிலோ. வயது முப்பத்தொன்று. லேக் மார்க்கெட்டில் காபிப்பொடிக் கடை வைத்திருக்கும் மஹாதேவனின் மனைவி. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய சான்யால் என்ற சர்ஜன், அவள் சிறுகுடலில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை இணைத்துத் தைப்பதாக ஏற்பாடு. அப்புறம் சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது, எடை தானாக இறங்கும். 1976-ல் இதைக் கேட்ட கல்கத்தாத் தமிழர்கள் அத்தனை பேரும், "இளைக்கறதுக்கு வயத்தைக் கிழிப்பாளா!" என்று வாயைப் பிளந்தார்கள். அவளுக்கு இளைக்கிற ஆசையெல்லாம் இல்லை. பிள்ளை ஆசை. இரண்டு தரம் கர்ப்பம் தங்கவில்லை. எடை குறைந்தால் தங்கும் என்று யாரோ பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

அவளுக்கு எதைக் கொடுத்து மயக்குவது என்பது வத்சலாவின் பாடு. அலமாரியில் இரண்டு மருந்து இருந்தது. ஈதர் பழைய ஆள். பருமனான உடம்புக்குள் புகுந்துகொண்டால் லேசில் வெளியே வராது. விழிக்க நேரமாகும், வாந்தி எடுக்கும், சளி கட்டும், பொறி பட்டால் தீப்பிடிக்கும். ஹாலோதேன் சமர்த்து. வாசனைகூட ஒரு தினுசாகத் தித்திக்கும், நெஞ்சை உறுத்தாது, சட்டென்று கண் விழிக்கலாம். அதற்கு ஒரே ஒரு கெட்ட குணம். ஒருதரம் கொடுத்து மூன்று மாதத்துக்குள் மறுபடி கொடுத்தால், எங்கேயோ ஒருத்தருக்குக் கல்லீரலைத் தின்றுவிடும். அந்த ஒருத்தர் அநேகமாகப் பருமனான பெண்ணாகத்தான் இருப்பாள்.

"நீங்க ஈதர்னு சொன்னா, நான் கரண்ட்ல சுடாம நூலாலயே கட்டி ரத்தத்தை நிறுத்திக்கறேன். உங்க இஷ்டம்" என்று சான்யால் சொல்லிவிட்டார். ஆகவே கேட்க வேண்டியது ஒரே கேள்வி. சமீபத்தில் மயக்கம் கொடுத்திருக்கிறதா?

அதைக் கேட்பதற்கு அங்கே ஒரு முறை உண்டு. ஆயா மாஸி முதலில் சொந்தக்காரர்களை வெளியே விரட்டுவாள், திரையை இழுத்துவிடுவாள், அப்புறம்தான் டாக்டர் வாயைத் திறப்பாள். ராணி வீட்டுப் பெண்ணாயிருந்தாலும் அப்படித்தான். வத்சலா ஒருநாளும் அதை மீறியதில்லை.

அன்றைக்கு மீறினாள். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் நாகலட்சுமியின் மாமியார் உட்கார்ந்திருந்தாள். "வாடி வத்சலா! நீ இருக்கேங்கற தைரியத்துலதான் இவளை இங்கே கொண்டு வந்தேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வருஷா வருஷம் அவர்கள் வீட்டுக் கொலுவுக்குப் போய்ச் சுண்டல் வாங்கித் தின்றவள், அந்த மாமியை எழுந்து வெளியே போ என்று எந்த வாயால் சொல்வாள்? மாஸி திரையில் கை வைத்தபோது, "இருக்கட்டும், நம்ம மனுஷாதான்" என்று சொல்லிவிட்டாள்.

"நாகு, இதுக்கு முன்னாடி எப்பவாவது மயக்கம் குடுத்திருக்காளா?"

நாகலட்சுமி மாமியாரைப் பார்த்தாள். வாசலில் பிளாஸ்க்கும் கையுமாக நின்ற மஹாதேவன் தரையைப் பார்த்தான்.

"அவளுக்கு ஏது மயக்கம்? ரெண்டு தரமும் தானாவே சரியாப் போயிடுத்து" என்றாள் மாமியார்.

"நீ சொல்லு, நாகு."

"இல்லேக்கா."

வத்சலா தாளில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் நரம்பு அகப்படவே இல்லை. அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே முகமூடி வழியாக ஹாலோதேனை மெல்லத் திறந்துவிட்டாள். நாகலட்சுமி இரண்டு மூச்சு இழுத்தாள். "அன்னிக்கு மாதிரியே தித்திக்கறது..." என்றாள். வத்சலா காதில் நன்றாகத்தான் விழுந்தது. மயங்கப் போகிறவர்கள் என்னதான் சொல்ல மாட்டார்கள்? போன வாரம் ஒருவர் ஹில்ஸா மீன் என்ன விலை என்று கேட்டுவிட்டுத் தூங்கினார். அவள் மருந்தைக் கூட்டினாள்.

ஆபரேஷன் அமோகமாக முடிந்தது. மேஜையிலேயே கண் விழித்து, "ஆச்சாக்கா?" என்று கேட்டாள் நாகு. அன்று முழுக்க வத்சலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆறாம் நாள் காய்ச்சல். எட்டாம் நாள் காலையில் வத்சலா நாகுவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை விழியெல்லாம் மஞ்சள்.

இப்போது எல்லாரையும் வெளியே அனுப்பினாள். மாமியை அவளே தோளைப் பிடித்து எழுப்பிவிட்டாள். மாஸி திரையை இழுத்தாள். திரை விழுந்ததும் பழக்கதோஷத்தில் வத்சலா வாயில் பெங்காலிதான் வந்தது. அதே கேள்வி. நாகுவும் பெங்காலியிலேயே பதில் சொன்னாள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள்தானே. தடங்கலில்லாமல் கடகடவென்று வந்தது. ஆபரேஷனுக்கு இருபத்தாறு நாள் முன்னால், ஹவுராவில், ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில். மூன்றாவது அது, மாமியாருக்குத் தெரியாது. இரண்டு மாதம் தங்கியிருந்தது, கலைந்துவிட்டது. தித்திப்பாக ஏதோ முகரவைத்துச் சுத்தம் செய்து அனுப்பினார்கள்.

"ஏண்டி என்கிட்ட சொல்லலை?" வத்சலா தமிழுக்கு வந்துவிட்டாள்.

"அவரோட அம்மா எதிரே எப்படிச் சொல்றது? இன்னொண்ணும் போச்சுன்னா இவனுக்கு வேற இடம் பார்த்துடுவேன்னு சொல்லியிருக்கா."

"தனியா என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"உங்களுக்குச் சொன்னா நம்மவா எல்லாருக்கும் சொன்ன மாதிரிதானேக்கா? பெங்காலி டாக்டரா இருந்தா சொல்லியிருப்பேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள் நாகு. பிறகு, "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று வத்சலாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஓங்கி ஓர் அறை விடலாம்போல் ஆத்திரம் வந்தது வத்சலாவுக்கு. யாரை அறைவது? திரையை இழுக்க வந்தவளைத் தடுத்தது யார்? "தெரியாது, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நடைக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சான்யாலிடம் மட்டும் சொன்னாள். குளூகோஸ் ஏற்றினார்கள், தெரிந்ததையெல்லாம் செய்தார்கள். பதினேழாம் நாள் மத்தியானம் நாகலட்சுமி போய்விட்டாள்.

"நம்மவான்னு நம்பி உன் கையில குடுத்தேனே, கொன்னுட்டியேடி பாவி!" என்று மாமியார் நடையில் விழுந்து புரண்டாள். பெற்ற மகளுக்கு அழுகிறாற்போலத்தான் அழுதாள். வத்சலா ஹவுராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. லேக் மார்க்கெட் பக்கம் அந்தப் பேச்சு ஒரே நாளில் பரவிவிட்டது. வத்சலாவின் அம்மா பஜனைக்குப் போவதை நிறுத்தினாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் காலை மஹாதேவன் வந்தான். ஆபரேஷன் அறையை ஒட்டிய சின்ன அறையில் வத்சலா மருந்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மீசையெடுத்த முகம் பாதியாய் இளைத்திருந்தது.

"ஹவுராவுக்கு அவளை நான்தான் அழைச்சுண்டு போனேன். திரும்பறச்சே ஸ்டீமர்ல என் கையை விடவே இல்லை. நீங்க அன்னிக்குக் கேட்டப்போ, பிளாஸ்க்கைப் பிடிச்சுண்டு மரமா நின்னேன்."

கையிலிருந்த மருந்தை அலமாரியில் வைத்துவிட்டு வத்சலா அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். ராத்திரி தூக்கமே வரலை. நான் அன்னிக்கு வாயைத் திறந்திருந்தா வேற மருந்து குடுத்திருப்பேளா? பொழைச்சிருப்பாளா?"

அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் ஈதர் பாட்டில் இருந்தது. சீல்கூட உடைக்கவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை நாள் தனியாகச் சுமந்ததில் பாதியை இவன் வாங்கிக்கொண்டு போவான். எங்கே போவான்? அந்த முகத்தைப் பார்த்தால் வீட்டுக்குப் போகிறவனாகத் தெரியவில்லை, நேரே ஆற்றுக்குப் போகிறவனாகத்தான் தெரிந்தது.

"இல்லை" என்றாள் வத்சலா. "அவ உடம்புக்கு அது ஒண்ணுதான். நீங்க சொல்லியிருந்தாலும் அதையேதான் குடுத்திருப்பேன்."

மஹாதேவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"தெரிஞ்சிருந்தும் குடுத்திருப்பேளா?"

"ஆமாம்."

"அப்போ அம்மா சொல்றது சரிதான்."

"சரிதான்" என்றாள் வத்சலா.

அவன் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனான். கோபப்பட ஓர் ஆள் கிடைத்துவிட்டவனாக, வந்தபோது இல்லாத வேகத்தில் நடந்தான். அவன் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, வத்சலா அடுத்த ஆபரேஷனுக்குக் கை கழுவப் போனாள்.