கண் சிவந்த வாரம்

கேன்டீனில் புதன்கிழமை வடையை நிறுத்தியபோதுதான் வளர்மதிக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. ஆள்குறைப்பு வரப்போகிறது என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்ததுதான். ஆனால் பேச்சு பேச்சாக இருக்கும்வரை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வடை நின்ற பிறகு எல்லாமே சகுனமாகிவிட்டது. ஆபீஸ் வாசலில் தெரியாத கார் நின்றால் சகுனம். மேனேஜர் சிரித்தாலும் சகுனம், சிரிக்காவிட்டாலும் சகுனம்.

உத்திரமேரூரில் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி, வாலாஜாபாத்தைத் தாண்டிப் போய் இறங்கினால் அந்த மருந்துக் கம்பெனி. கல்யாணமான புதிதில் ஹெல்ப்பராகச் சேர்ந்த வளர்மதி இப்போது பிளிஸ்டர் லைனுக்கு லீடர். சர்க்கரை மாத்திரைகள் பிளாஸ்டிக் குழிகளில் விழுந்து, மேலே அலுமினியத் தாள் ஒட்டி, அட்டை அட்டையாக வெட்டுப்பட்டு வரும் இடம் அது. அந்த இயந்திரத்தின் சத்தம் ஒரு சுருதி மாறினாலும் அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் அந்த வருஷம் அவளுக்குத் தூக்கமே சரியாக இல்லை.

"நம்ம லைனையே பேத்துக்கினு குஜராத்துக்குப் போறாங்களாம்க்கா" என்றாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஜெனிஃபர். "டிரைவர் அண்ணன் சொல்லிச்சு."

"அவருக்கு யாரு சொன்னாங்க?"

"ஆபீஸ் கார் ஓட்டுறவரு."

"அவருக்கு?"

ஜெனிஃபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மானாம்பதியிலிருந்து வருகிறவள் அவள். இரண்டு பிள்ளைகளையும் புருஷன் துணையில்லாமல் வளர்க்கிறவள். லைனில் வளர்மதிக்கு எதிரே நின்று, கோணலாக வரும் அட்டைகளைப் பொறுக்கித் தள்ளுவாள். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். பத்து பேரில் பாதிப் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்ற வதந்தி கிளம்பிய பிறகும் ஒரே டப்பாவில்தான் சாப்பிட்டார்கள். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது.

யாரும் லீவு போடுவதில்லை. காய்ச்சல் வந்தால் வெளியே தெரியாமல் மாத்திரை போட்டு அமுக்கிக்கொண்டு வந்தார்கள். கம்பெனி விதி வேறு மாதிரி. சளி, காய்ச்சல், கையில் புண், கண் வலி எதுவாக இருந்தாலும் உள்ளே போகுமுன் சொல்லிவிட வேண்டும். திறந்த மாத்திரை பக்கத்தில் நிற்கக் கூடாது. ஒவ்வொரு ஷிப்ட்டிலும் தன் ஆட்களைப் பார்த்து அனுப்புவது லைன் லீடரின் வேலை.

திங்கட்கிழமை உடை மாற்றும் அறையில் ஜெனிஃபர் தலையைக் குனிந்தபடியே தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு மை அப்பியிருந்தாள். மருந்துக் கம்பெனிக்குள் மை போட்டுக்கொண்டு யாரும் வருவதில்லை.

"ஜெனி, இங்க பாரு."

"தூசி பட்டுச்சுக்கா."

வளர்மதி அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். வலது கண் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. இமை வீங்கி, ஓரத்தில் பீளை கட்டியிருந்தது. மெட்ராஸ் ஐ. ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

"சின்னவனுக்கு வந்துச்சு, அவன்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு. இன்னிக்கு மட்டும் வுட்டுடுக்கா. கண்ணாடி போட்டுக்கினு நிக்கிறேன், யாருக்கும் தெரியாது. இப்ப லீவு போட்டா அதையே சாக்கா வெச்சு அனுப்பிடுவாங்க."

வளர்மதி அவள் முகவாயிலிருந்து கையை எடுத்தாள். யாரோ ஒரு வீட்டில் வயசானவர் ஒருவர் அந்த மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்வார் என்று நினைத்தாள். அந்த நினைப்போடு ஒட்டிக்கொண்டே இன்னொன்றும் வந்தது: இவள் போனால் ஓர் இடம் மிச்சம். எது முதலில் வந்தது என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

ஷிப்ட் ஆபீசர் தினகரனிடம் போய்ச் சொன்னாள். அவர் ஜெனிஃபரை நர்ஸிடம் அனுப்பினார். கண் தெளிகிறவரை வர வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்த ஜெனிஃபர், "நீ இருந்துக்கக்கா. நல்லா இரு" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது வளர்மதிக்கு.

அந்த வாரமே சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பிளிஸ்டர் லைன் ஆட்களை ஒவ்வொருவராக ஏசி அறைக்குள் கூப்பிட்டார்கள். லைனை மூடப்போகிறார்கள், தாங்களாக ராஜினாமா எழுதிக் கொடுப்பவர்களுக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பார்கள், மற்றவர்களை என்ன செய்வது என்று பிறகு முடிவு செய்வார்கள். விஷயம் இவ்வளவுதான்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று வளர்மதி மனசுக்குள் கோத்து வைத்திருந்தாள். உள்ளே உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி அவள் முன்னால் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி, "நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா, அவசரமில்ல" என்றாள். மெத்தை நாற்காலி. சில்லென்ற காற்று. வளர்மதிக்குக் கேள்வி எதுவும் வரவில்லை. தூக்கம்தான் வந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் நாளைக்கும் அதே பஸ், அதே கிசுகிசுப்பு, வாசலில் நிற்கும் காரை அதே மாதிரி எட்டிப் பார்ப்பது. அதை இன்னொரு நாள் தாங்கும் தெம்பு தன்னிடம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பேனாவை வாங்கி ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டாள்.

போட்டதும் உடம்பு லேசானது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், எவ்வளவு கொடுப்பார்கள் என்றுகூடக் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவள் புருஷன் சேட்டு ஏரிக்கால்வாயில் மடை திருப்பிவிட்டு, காலில் சேறோடு வந்தான். சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாத்துக்குப் போட்ட? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப?"

"போடாதன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

அவன் குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

கையெழுத்துப் போடாத சிலர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் லைனை மூடினார்கள், ஆனால் மிச்சமிருந்தவர்களைச் சிரப் பாட்டில் அடைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஏசி அறைக்குக் கூப்பிட்டபோது அங்கே இல்லாததால் ஜெனிஃபர் எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. கண் தெளிந்து வந்தவளுக்குச் சிரப் பிரிவில் இடம் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு அவள் வளர்மதி வீட்டுக்கு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"உன்னைத் திட்டிக்கினே கிடந்தேன்க்கா. நீ அனுப்பலைன்னா நானும் அந்த ரூமுக்குள்ள போயிருப்பேன். எல்லாரையும் மாதிரி போட்டிருப்பேன்." சற்று நிறுத்திக் கேட்டாள்: "நான் போனா உன் வேலை தங்கும்னு நெனச்சியாக்கா?"

"நெனச்சேன்" என்றாள் வளர்மதி. "கண்ணுக்காகவும்தான் அனுப்புனேன். ரெண்டும் இருந்துச்சு."

ஜெனிஃபர் தலையை ஆட்டினாள். அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

"நானா இருந்தாலும் நெனச்சிருப்பேன்" என்றாள். "சிரப்பையும் நிறுத்திடுவாங்கன்னு இப்பவே பேசிக்கினு கீறாங்கக்கா. ஒரே பேஜாரா கீது. ராத்திரியெல்லாம் கண்ணு மூட மாட்டேங்குது."

"நாஷ்டா துன்னியா?"

"இல்லக்கா."

வளர்மதி அடுப்பைப் பற்றவைத்துத் தோசைக் கல்லைப் போட்டாள். வேலை போனதிலிருந்து அவள் யாருக்கும் நிதானமாகத் தோசை வார்த்துப் போட்டதில்லை. வேறு இடம் தேட வேண்டும், வாலாஜாபாத் பக்கம் விசாரிக்க வேண்டும் என்று தினமும் நினைத்து, தினமும் தள்ளிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் போய்ப் பார்க்கலாம். தண்ணீர் தெளித்த கல்லில் சீறிய ஆவியை முந்தானையால் விலக்கினாள்.

தட்டோடு கூடத்துக்கு வந்தபோது ஜெனிஃபர் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பலாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு தட்டை மூடி வைத்துவிட்டு, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு, தெருக்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.