கண்ணுக்குள்ள இருந்த வெள்ளைப் புள்ளி

ஏய், நீ தூங்கியிருப்பன்னு தெரியும். காலையில எழுந்ததும் முதல்ல இதைப் படி. படிச்சுட்டு உங்கம்மாகிட்ட காட்டு. பத்து மணிக்கு அவங்க ஸ்டூடியோவுக்குப் போய் அந்த லெட்டர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி காட்டணும். அந்தப் படத்தைக் கெடுத்தது உங்கம்மா இல்ல. நான்தான்.

வாய்ஸ்ல அனுப்பலாம்னுதான் பாத்தேன். பக்கத்து ரூம்ல அப்பா இருமுறது கேக்குது, நான் பேசினா அவருக்கும் கேக்கும். அதான் போர்வைக்குள்ள உக்காந்து டைப் பண்றேன். தப்பு தப்பா இருந்தா கண்டுக்காத.

உங்கம்மா வேலையைப் பத்தி வீட்ல வாயே திறக்க மாட்டாங்கன்னு சொல்லுவ. அதனால முதல்ல இருந்தே சொல்றேன். அவங்களும் எங்கப்பாவும் பக்கத்துப் பக்கத்து சீட், ஒரே படத்தை மாத்தி மாத்திச் செய்வாங்க. பழைய படச்சுருளை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்திடுவாங்க. ஒரு செகண்டுக்கு இருபத்துநாலு படம், ஒவ்வொண்ணுலயும் தூசி, கீறல், பூஞ்சை. அதைத் துடைக்கிறதுதான் வேலை. அதுக்கு மெஷின்லயே ஒரு வழி இருக்கு. ஒரு புள்ளி இந்தப் படத்துல மட்டும் இருந்து, முந்தினதுலயும் அடுத்ததுலயும் இல்லன்னா, அது தூசி. ஒரு பட்டனைத் தட்டினா சுருள் முழுக்க அதுவே துடைச்சுடும். ஆனா முகத்துல மட்டும் அந்தப் பட்டன் கூடாது, கண்ணுல மின்னுறதையும் தூசின்னு எடுத்துடும். முகத்தைக் கையாலதான், ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துத் துடைக்கணும். அங்க அது சட்டம் மாதிரி.

நான் கெடுத்தது அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம். வீட்ல போட்டுப் பாக்க டிஸ்க்கா விக்கறதுக்காகப் புதுப்பிச்சாங்க. கதையில ஒரு படகுக்காரன். குழந்தைக்கு ஜுரம், பொழைக்காதுன்னு ஆயிடுது. சாத்தான் வந்து படகுல ஏறி உக்காந்து பேரம் பேசுறான். குழந்தையைப் பொழைக்க வைக்கிறேன், பதிலுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு கண்சிமிட்டல் குடு, உனக்குத் தெரியக்கூடத் தெரியாதுங்கிறான். இவனும், அவ்வளவுதானேன்னு ஒத்துக்கிறான். அதுக்கப்புறம் அவன் கண் சிமிட்டுறப்ப கண்ணுக்குள்ள ஒரு வெள்ளைப் புள்ளி வந்துட்டுப் போகும், அதுதான் சாத்தான். ஒரே ஒரு ஃப்ரேம், அந்த இருபத்துநாலுல ஒண்ணு. டைரக்டரே நெகட்டிவ்ல மையால புள்ளி புள்ளியா வச்சாராம். முதல்ல எப்பவாவது ஒண்ணு. கடைசி ரெண்டு சுருள்ல சிமிட்டும்போதெல்லாம் வரும், அவனையே முழுசா எடுத்துட்டான்னு அர்த்தம்.

அந்த ரெண்டு சுருளையும்தான் நான் துடைச்சேன்.

லீவுல நடந்தது. அப்பாவுக்குக் குடுத்த தேதி நெருங்குது, பாதி வேலைகூட முடியல. ஸ்டூடியோவுல இருந்து ஒரு துரும்பைக்கூட வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது. இவர் ஹார்ட் டிஸ்க்கை சாப்பாட்டுப் பையில வச்சுக் கொண்டு வந்து, எனக்குச் சொல்லிக் குடுத்துத் துடைக்க உக்கார வச்சார். யாரோட பாஸ்வேர்டைப் போட்டு உள்ள போறோமோ அவங்க பேர் அந்தச் சுருள்ல விழும். தன் பேர் விழுந்தா வீட்ல செஞ்சது தெரிஞ்சுடும்னு உங்கம்மா பாஸ்வேர்டைப் போட்டார். போன வருஷம் இவரோடது லாக் ஆனப்ப, வேலை நிக்கக் கூடாதேன்னு உங்கம்மா ஒரே ஒரு நாளைக்குன்னு குடுத்தது அது.

நாலு நாள் நான் ஒழுங்காத்தான் செஞ்சேன், சத்தியமா. அஞ்சாவது நாள் நீ போன் பண்ணி, பொறந்த நாளுக்கு மூணு மணிக்குள்ள வரலைன்னா என் முகத்துலயே முழிக்காதன்ன. மணி ரெண்டரை. திரையில அந்தாள் முகம், முகம், முகம். பட்டனைத் தட்டிட்டுத் தலை சீவப் போயிட்டேன். திரும்பி வந்தா ரெண்டு சுருளும் பளபளன்னு இருந்துச்சு. அந்த வெள்ளைப் புள்ளி கதையில வர்றதுன்னு எனக்குத் தெரியாதுடி. சத்தமில்லாமதான பாத்துட்டு இருந்தேன். அப்பாவும் திருப்பிப் பாக்கல, அப்படியே கொண்டு போய்க் குடுத்துட்டார். அன்னிக்கு உங்க வீட்ல, ஒல்லிப்பிச்சான் மாதிரி இருக்கியேன்னு உங்கம்மா எனக்கு ரெண்டாவது தடவை சாப்பாடு போட்டாங்க. நானும் வாங்கித் தின்னேன்.

டிஸ்க் வெளிவந்த வாரமே சிரிப்பா சிரிச்சுட்டாங்க. சாத்தானையே துடைச்சுட்டாங்களே, என்னா சுத்தம்டா சாமின்னு ஒருத்தன் எழுதியிருந்தான். அதை நீதான் எனக்குக் காட்டி விழுந்து விழுந்து சிரிச்ச. அது உங்கம்மா தலையில விடியப் போகுதுன்னு அப்ப உனக்குத் தெரியாது. எனக்கு அப்பவே தெரிஞ்சுடுச்சு. வீட்டுக்கு வந்து, பட்டனைத் தட்டினதை அப்பாகிட்ட சொல்லிட்டேன்.

அவர் திட்டவே இல்ல. அதுதான் எனக்குப் பயம். உக்காந்து யோசிச்சார். அப்புறம் மெதுவா சொன்னார்.

"நீ எதையும் தொடல. நானும் எதையும் கொண்டு வரல. அந்தம்மா கெட்டிக்காரங்க, வேற எடத்துல சேந்துக்குவாங்க. என்னை யாரு சேத்துக்குவா?"

நான் அழுதேன். அடுத்த வருஷம் நான் கேட்ட டிராயிங் காலேஜ்லயே சேத்து விடுறேன்னார். ரெண்டு வருஷமா முடியவே முடியாதுன்னு சொன்ன மனுஷன். நான் சரின்னுட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகல. எங்கம்மா அங்கதான் துணி மடிச்சுட்டு இருந்தாங்க. மடிச்ச துணியையே மறுபடி உதறி மடிச்சாங்க. 

உங்கம்மா எங்கப்பாகிட்ட தனியா கேட்டிருக்காங்க, என் பாஸ்வேர்டை நீங்க எப்பவாவது போட்டீங்களாண்ணேன்னு. இவர் நேரா முகத்தைப் பாத்து, அதெல்லாம் அன்னிக்கே மறந்துட்டேம்மான்னாராம். சாப்பிடும்போது எங்ககிட்ட அதைச் சொன்னார், ஏதோ பரீட்சை பாஸான மாதிரி. உங்கம்மாவும் நம்பிட்டாங்க. நம்பினதால, தானேதான் கண்ணு சரியாத் தெரியாம தட்டியிருப்போம்னு முடிவு பண்ணிட்டாங்க. நேத்து சாப்பாட்டு நேரத்துல நீ சொன்னியே, அம்மா கண் டாக்டர்கிட்ட போனாங்க, டாக்டர் கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லியும் நம்பாம ராத்திரி காலண்டரைத் தூரத்துல மாட்டிப் படிச்சுப் பாக்குறாங்கன்னு. அதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. உங்கம்மா கண்ணுல ஒரு கோளாறும் இல்லடி.

அந்த லெட்டர்ல என்ன இருக்குன்னு அப்பா சொன்னார். கவனக்குறைவு என்னுதுதான்னு அவங்களே எழுதிக் குடுக்குற மாதிரி இருக்காம். முதலாளி அதை மத்த ஸ்டூடியோவுக்கெல்லாம் அனுப்புவாராம். அப்புறம் யாரும் உள்ள விட மாட்டாங்க. வேற எடத்துல சேந்துக்குவாங்கன்னு சொன்ன அதே வாயாலதான் இதையும் சொன்னார்.

எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தப் பட்டன்னு எல்லாம் பதிவாகி இருக்கு. அழிக்கச் சொன்னார். அழிச்சுட்டேன்னு சொன்னேன். அழிக்கல. அதை மூணு போட்டோ எடுத்து இதுக்குக் கீழ அனுப்பியிருக்கேன். உன் பொறந்த நாள் தேதி, மத்தியானம் ரெண்டு நாற்பத்தொண்ணுன்னு இருக்கும் பாரு. அந்த நேரத்துக்கு உங்கம்மா உங்க வீட்ல பலூன் ஊதிட்டு இருந்திருப்பாங்க, உனக்கே தெரியும்.

இதைக் காட்டினா அப்பா வேலை போயிடும். தெரிஞ்சுதான் அனுப்புறேன். ஆனா ஒண்ணு, நான் வந்து சொல்லுவேன்னு மட்டும் நம்பாத. முதலாளி முன்னாடி அப்பாவையும் என்னையும் நிக்க வச்சு நீயா செஞ்சன்னு கேட்டா, நான் அப்பா முகத்தைப் பாப்பேன், பாத்துட்டு இல்லைன்னு சொல்லிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால என்னை எதுவும் கேக்க விடாத. போட்டோவை மட்டும் காட்டச் சொல்லு.